ஆணியில் குல்லா தொங்கிய நாட்கள்

குல்லா ஆணியில் தொங்கினால் அவர் இல்லை என்று அர்த்தம்.

ஆனால் அவர் அங்கேதான் இருப்பார். ஆணிக்குக் கீழே, கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியின் மேல், கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெறுந்தலையோடு உட்கார்ந்திருப்பார். கண் திறந்திருக்கும். மூச்சு விட்டால் வாயிலிருந்து புகை வரும். இருந்தாலும் அவர் இல்லை. நாங்கள் யாரும் அவரைப் பார்க்கக் கூடாது, கும்பிடக் கூடாது, ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. மூட்டை தூக்கிப் போகிறவன் அந்தப் பெட்டியைத் தூணைச் சுற்றுவதுபோலச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

பிள்ளைகளே, இது கண்ணாமூச்சி மாதிரி விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். மீசை முளைத்த ஆட்கள், பிள்ளை பெற்ற பெண்கள், எல்லாரும் ஒரு வருஷத்துக்கு மேல் இப்படி இருந்தோம். எதற்காக என்று சொல்கிறேன்.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை போகிற ரோட்டோரத்தில் ஒரு குளிர்பதனக் கிட்டங்கி இருந்தது. ஸ்டோர் என்றுதான் எல்லாரும் சொல்வோம். ஜன்னலே இல்லாத பெரிய பெரிய அறைகள். உள்ளே உருளை விதைக்கிழங்கு மூட்டைகள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். பூம்பாறையிலும் மன்னவனூரிலும் கிழங்கு எடுக்கிற சம்சாரிகள் அடுத்த விதைப்புக்கு வேண்டியதை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். சமைக்கிற கிழங்கு அழுகினால் ஒரு வேளைக் குழம்பு போகும். விதைக்கிழங்கு அழுகினால் ஒரு குடும்பத்துக்கு அந்த வருஷத்து வெள்ளாமையே போகும். அதனால் அந்த அறைகளைக் குளிராக வைத்திருக்க ஒரு மெஷின் இராப்பகலாக ஓடும். அது போடுகிற சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, ஸ்டோர் ஆட்கள் கல்யாண வீட்டுக்குப் போனாலும் கத்தித்தான் பேசுவோம்.

மெஷினைப் பார்த்துக்கொண்டவர் அவர். ஃபோர்மேன் என்று கூப்பிடுவோம். பெயர் எனக்குத் தெரியும், ஆனால் எழுதப்போவதில்லை. அவருடைய வீட்டு ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஒல்லியான மனிதர். ஐம்பதை நெருங்கிய வயது. சிரிக்கவும் மாட்டார், சீறவும் மாட்டார். மழையானாலும் வெயிலானாலும் தலையில் காதையும் மூடுகிற அந்தக் காப்பிக்கலர் மங்கி குல்லா. அவரிடம் ஒரே ஒரு குணம்தான் உண்டு. மற்றதெல்லாம் அதிலிருந்து முளைத்தது என்றே சொல்லலாம். எது கையில் இருக்கிறதோ அதை இல்லாமல் இருந்து பார்ப்பார். வெற்றிலைப் பொட்டலம் நிறைய இருக்கும், மூன்று நாள் வாயில் போட மாட்டார். வீட்டில் சர்க்கரை இருக்கும், ஒரு மாதம் வெறும் காப்பி குடிப்பார். சில காலைகளில் கேட்டிலிருந்து மெஷின் ரூம் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு நடந்து போவார். முதல் தடவை நான் பயந்து கையைப் பிடித்தேன். உதறிவிட்டார்.

"கண்ணு போனப்புறம் நடந்து பழக முடியுமாப்பா? இருக்கையிலயே இல்லாம இருந்து பாத்துக்கணும்" என்றார்.

ஏன் இப்படி ஒரு மனிதர் என்று முத்துவிடம் கேட்டேன். முத்து என்னோடு மூட்டை தூக்கியவன், பூம்பாறைக்காரன், வாய் சும்மா இருக்காது. அவன் ஃபோர்மேனின் சம்சாரத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொன்னான். ஃபோர்மேனுக்குச் சின்ன வயதில் அம்மா செத்துப்போனாளாம். அந்த வீட்டில் அடுப்புப் பற்றவைக்கத் தெரிந்த ஆள் வேறு இல்லையாம். அரிசி பானையில் இருந்தும் பிள்ளைகள் பட்டினி கிடந்தார்களாம். அவர் வாயால் அதை ஒருநாளும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

மெஷின் பம்பாயில் ஒரு கம்பெனி செய்தது. அந்தக் கம்பெனிக்காக மதுரையிலிருந்து ஒரு மெக்கானிக் மழைக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை வந்து பிரித்துத் துடைத்து மாட்டிவிட்டுப் போவார். ஒரு புரட்டாசியில் வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டே செய்தியைச் சொன்னார். இந்த மாதிரி மெஷின் செய்வதைக் கம்பெனி நிறுத்திவிட்டது. வருகிற பங்குனி இல்லை, அதற்கடுத்த பங்குனியோடு சர்வீஸும் கிடையாது. சாமான் கேட்டால் வராது, ஆளைக் கேட்டால் வரமாட்டார்கள். புது மெஷின் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கம்பெனி சொல்லச் சொன்னதாம்.

முதலாளி வத்தலக்குண்டுக்காரர். அன்றைக்கு ஸ்டோரில் இருந்தார். அவருக்கு முகம் செத்துப்போய்விட்டது. புது மெஷின் அவருடைய சக்திக்கு மேல். சம்சாரிகளிடம் மூட்டையை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஸ்டோரைப் பூட்டிவிடலாம் என்று அங்கேயே பேச ஆரம்பித்துவிட்டார். ஃபோர்மேன் மட்டும் நல்ல சேதி கேட்டவர்போல நின்றார்.

"மொதலாளி, போகப்போறது வெள்ளனேயே தெரிஞ்சுருச்சு. அதுலயே பாதிச் சோலி முடிஞ்சுது. ஒரு வருசத்துக்கு மேல கெடக்கு. மெஷின் ஓடுறப்பயே மெஷின் இல்லாம இருந்து பழகிருவோம்" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது.

மதுரையில் மூடிக்கிடந்த ஒரு ஐஸ் ஃபாக்டரிக்குப் போய் அங்கே இருந்த பழைய பெல்ட்டு, வால்வு எல்லாம் வாங்கி வந்து எண்ணெய் தடவி அடுக்கினார். அது கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும் என்று அவருக்கே தெரியும். அதனால் சுவரில் கைவைத்தார். வடக்குச் சுவரில் தரையோடு தரையாக ஓட்டை போட்டார். கூரைக்குக் கீழேயும் போட்டார். எல்லாவற்றுக்கும் பலகையில் மூடி. பொழுது சாயும்போது மூடியைத் திறந்தால் மலைக்குளிர் கீழே நுழைந்து, உள்ளே இருக்கிற சூட்டை மேலே தள்ளிவிடும். சூரியன் எட்டிப்பார்ப்பதற்குள் அத்தனையையும் அடைத்துவிட வேண்டும். கதவுகளுக்கு உள்ளே இரட்டைச் சாக்குப் படுதா. இவ்வளவுதான் வித்தை. மெஷின் செய்ததை மலையே செய்யும், நாம் நேரத்துக்குத் திறந்து நேரத்துக்கு அடைத்தால்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினார்.

அந்த அமைதியை எப்படிச் சொல்ல. நாங்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு நின்றோம். காதுக்குள் என்னவோ பிடுங்கி எடுத்ததுபோல இருந்தது. மஞ்சு இறங்கி ரோடே தெரியாத காலை அது. அவர் எங்களை முதல் அறைக்குள் கூட்டிப்போய்ப் படுதாவை விட்டார். இருட்டு.

"கேளுங்க" என்றார்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. எங்கோ ஒரு சொட்டு. ஒரு மூட்டை மெல்லச் சரிந்து உட்காருகிற சத்தம். அதற்கும் பின்னால் மெத்தென்று ஒரு உஸ். கிழங்குக்கு உயிர் இருக்கிறது, அது மூச்சு விடும், மூச்சு விட்டால் சூடாகும், அந்தச் சூட்டைத்தான் நாம் வெளியேற்றுகிறோம் என்று அவர் விளக்கினார். இருட்டுக்குள் ஆயிரக்கணக்கான கிழங்கு எங்களைச் சுற்றி மூச்சுவிடுகிறது என்று நினைத்ததும் எனக்குப் பிடரி சிலிர்த்தது. முத்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

செவ்வாயோடு புதன் சேர்ந்தது. பிறகு வெள்ளி. கிழங்கு கெடவில்லை. நாங்களும் பழகினோம்.

அப்போதுதான் ஒரு கோளாறு வந்தது. ஃபோர்மேனுக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் வரவில்லை. விடியலில் மூடிகளை முத்து அடைத்திருப்பான் என்று நான் நினைத்தேன். நான் அடைத்திருப்பேன் என்று முத்து நினைத்தான். வெயில் ஏறி, ஒரு அறை முழுக்க மூட்டைகள் கதகதவென்று ஆகிவிட்டன. கெட்டவரைக்கும் கழித்து, மிச்சத்தைக் காப்பாற்றிவிட்டோம். மறுநாள் அவர் வந்தார். மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்தார். திட்டவில்லை.

"மெஷினை விடப் பெரிய கோளாறு இங்க நாந்தான். எல்லாத்துக்கும் என் மூஞ்சியையே பாக்குறீங்க. எனக்குச் சர்வீஸ் எப்ப நிக்கும்னு சொல்ல எந்த மெக்கானிக்கும் வரமாட்டான்" என்றார்.

கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஆணி அடித்தார். குல்லாவைக் கழற்றி அதில் மாட்டினார். பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். இது தொங்குகிற வரைக்கும் நான் இல்லை, யாராவது என்னிடம் பேசினாலோ திரும்பிப் பார்த்தாலோ அந்த நாள் கணக்கில் வராது, மறுநாளும் மாட்டுவேன் என்றார். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

வீட்டிலேயே இருந்துவிடலாமே என்று முதலாளி கேட்டாராம். தான் உட்கார்ந்திருக்கும்போதே பார்க்காமல் பழகினால்தான், நிஜமாக இல்லாதபோது யாரும் தேட மாட்டார்கள் என்று ஃபோர்மேன் சொன்னாராம்.

எங்களைச் சோதிக்கவும் செய்தார். திடீரென்று இருமுவார். சாவிக்கொத்தைக் கீழே போடுவார். ஒருநாள் பக்கத்தில் போன முத்துவிடம், "ஏலே முத்து, காலுக்கடியில பாம்பு" என்றார். முத்து துள்ளிக் குதித்துத் திரும்பிவிட்டான். பாம்பும் இல்லை ஒன்றும் இல்லை. மறுநாளும் குல்லா தொங்கியது. மற்ற ஆட்கள் முத்துவைப் போட்டு வறுத்தெடுத்தார்கள்.

"இந்த மனுசன் உசுரோட இருக்கையிலயே பேயாகிப் பழகுறாரு. நாளப்பின்ன செத்தா அவருக்கு வேலை மிச்சம்" என்று முத்து முனகினான். எல்லாரும் சிரித்தோம். அவர் காதில் விழுகிற தூரத்தில்தான் சிரித்தோம். இல்லாதவர்தானே.

ஒருமுறை மன்னவனூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். நேராகப் பெட்டிக்கு முன்னால் போய், "என்ன ஃபோர்மேன், சவுக்கியமா?" என்று கேட்டார். கொஞ்சம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்ப்பா, அவருக்கு என்ன?"

"யாருக்குங்க?"

"இந்தா, உக்காந்திருக்காரே."

"ஃபோர்மேன் இன்னைக்கு இல்லீங்க."

பெரியவர் என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். மூட்டையோடு போன முத்துவைக் கேட்டார். அவனும் இல்லீங்க என்றான். உள்ளே பெருக்கிக்கொண்டிருந்த பெண்ணைக் கேட்டார். அவளும் அதையே சொன்னாள். வந்த வேலையைச் சொல்லாமலேயே இறங்கி ரோட்டுக்குப் போய்விட்டார். அடுத்த சந்தையில் பூம்பாறை, மன்னவனூர் முழுக்கப் பேச்சு, ஸ்டோர் வாசலில் ஒண்ணு உட்கார்ந்திருக்கிறது என்று. அதற்கப்புறம் வந்த சம்சாரிகளில் பாதிப்பேர் திருநீறு பூசிக்கொண்டுதான் கேட்டுக்குள் வந்தார்கள். அவர்களும் பெட்டிப் பக்கம் பார்ப்பதில்லை. அவர்கள் நிஜமாகவே பயந்தார்கள்.

இதற்கு மசியாத ஆள் ஒருத்திதான். செல்லம்மா. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கிய குடும்பம். கிழங்கு பொறுக்கித் தரம் பிரிக்கிற வேலைக்கு வந்தாள். சட்டத்தையெல்லாம் முத்து முதல் நாளே சொல்லிவிட்டான். குல்லா தொங்கிய அன்று ஒரு தகர டம்ளரில் ஆவி பறக்கக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் நீட்டினாள்.

"ஐயா, தேத்தண்ணி."

அவர் அசையவில்லை. டம்ளரைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். மறுநாளும் குல்லா தொங்கியது, மறுநாளும் கொண்டுவந்து வைத்தாள். கடைசியில் அவர் குல்லாவைப் போட்டுக்கொண்டு அவளைக் கூப்பிட்டார்.

"நான் இல்லாத அன்னைக்கு எனக்கு எதுக்கும்மா டீ?"

"இருக்கீங்களே ஐயா."

"இல்லைன்னு வச்சுக்கணும். அதான் இங்க சோலி."

"வேற எந்த வேலை சொன்னாலும் செய்யிறேன் ஐயா. அங்கிட்டு எங்க அப்பா பொறந்த தோட்டத்து லயத்து வீட்டுலதான் நானும் பொறந்தேன். கவர்மெண்டுக் கச்சேரிக்குப் போனா, எதிர்க்க நிக்கிற எங்களையே பாத்து, இந்த நாட்டுல நீங்க இல்லைன்னாங்க. இங்கிட்டு வந்தா ரேசன் அட்டை எங்க, அதுல பேர் எங்கங்கிறாங்க. ஆளை முன்னால வச்சுக்கிட்டே இல்லைங்கிறது இருக்கே, அதை மட்டும் என்னால பழக முடியாது."

பிறகு அவளைக் கீழே பள்ளத்தில் இருந்த தரம்பிரிக்கிற கொட்டகைக்கு மாற்றிவிட்டார். அங்கிருந்து பார்த்தால் பெட்டி தெரியாது. அவருக்கு அவள் மேல் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. வழியில் கிடந்த கல்லை ஓரமாக வைத்ததுபோல வைத்தார், அவ்வளவுதான்.

இந்த வினை ஸ்டோரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதலாளி மறுநாள் வருகிறார் என்று சொல்வதற்காக அவர் வீட்டுக்குப் போனேன். பேரிக்காய் மரத்துக்குக் கீழே ஓட்டு வீடு. கதவு திறந்திருந்தது. நிலைப்படியில் ஒரு ஆணி, அதில் குல்லா.

கால் வைக்கவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். அவர் சுவரோரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய சம்சாரம் அடுப்பில் இருந்தார். அவர்களுடைய ஆறேழு வயதுப் பெண்பிள்ளை சிலேட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தது. சாப்பிட இரண்டு தட்டுதான் வைத்திருந்தார்கள்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. சம்சாரத்தைப் பார்த்தே சொன்னேன். "மொதலாளி நாளைக்கு வாராராம். ஃபோர்மேன் வந்தாச் சொல்லுங்கக்கா."

"வந்தாச் சொல்றேன் தம்பி" என்றார் அந்த அம்மா. நடுவில் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

பிள்ளை பல்பம் எடுக்க எழுந்தது. பல்பம் அவருக்குப் பின்னால் மாடத்தில் இருந்தது. அவருடைய முழங்காலைத் தாண்டி, அவர் தோளுக்கு மேலே கையை நீட்டி எடுத்துக்கொண்டு திரும்பியது. அதன் சடை அவர் கன்னத்தில் உரசியது. அவர் கை அரையடி மேலே எழும்பி, பிறகு மடியிலேயே விழுந்துவிட்டது. பிள்ளை முகத்தில் ஒன்றுமே இல்லை. அடக்கிக்கொண்ட சிரிப்போ, ஓரக்கண் பார்வையோ, எதுவும் இல்லை.

அந்த அம்மா என்னோடு வாசல் படல் வரைக்கும் வந்தார்.

"நான் நடிக்கிறேன் தம்பி. அது நடிக்கலை. மொதல்ல திரும்பித் திரும்பிப் பாக்கும், எனக்கும் அடிக்கடி கண்ணைக் காட்டிச் சிரிக்கும். இப்ப அதெல்லாம் இல்லை. குல்லாவைப் போட்டுக்கிட்டு அவுக கூப்பிட்டாலும் ரெண்டு மூணு தடவை கூப்பிட வேண்டியிருக்கு. நிப்பாட்டுங்கன்னு கெஞ்சிட்டேன். தனக்கு ஒண்ணுன்னா இந்தப் புள்ள ஒரு நாள்கூட ஏங்கக் கூடாதுங்கிறாக."

அன்றைக்கு மலையேறித் திரும்பி வரும்போது பட்டப்பகலில் நான் இரண்டு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

பங்குனி வந்தது. மெக்கானிக் கடைசியாக வந்து எண்ணெய் போட்டுவிட்டு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு மெஷின் கொஞ்ச நாள்தான் ஓடியது. உள்ளே ஏதோ உடைந்து, நெஞ்சு கிழிகிற மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றது. ஒருத்தரும் பதறவில்லை. அன்று சாயங்காலம் மூடிகளைத் திறந்தோம், விடியலில் அடைத்தோம். மெஷின் ரூமை ஃபோர்மேன் பூட்டினார். விதைப்புக்குச் சில வாரங்கள்தான் இருந்தன. கிழங்கு சம்சாரிகள் கைக்குப் போய்ச் சேரும்வரைக்கும் எந்தக் குறையும் வரக் கூடாது என்று, தன்னுடைய நாட்களைக் கூட்டிக்கொண்டார். குல்லா தலையில் இருந்த நாளைவிட ஆணியில் இருந்த நாள் அதிகமாகிவிட்டது.

அப்படி ஒருநாள். காலையிலிருந்தே மஞ்சு. கேட்டிலிருந்து பார்த்தால் கதவு தெரியாது. மூட்டைகளை ஒரு அறையிலிருந்து கேட்டுப் பக்கத்து அறைக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். போகும்போதும் வரும்போதும் பெட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்லக் கூடாது, கண்ணில் பட்டது. அடுத்த நடையில் கம்பளி நழுவித் தரையில் கிடந்தது. அதற்கடுத்த நடையில் வாய் கோணியிருந்தது. புதுச் சோதனை என்று நினைத்தேன். முத்துவும் அப்படித்தான் நினைத்தானாம். பெருக்குகிற பெண்ணும் அப்படித்தான். ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை, ஏனென்றால் அதைச் சொன்னாலே அவரைப் பார்த்ததாகிவிடும்.

பிறகு அவர் கூப்பிட்டார்.

"மு..." என்றார். "மு... மு..."

முத்துவின் முதுகு விறைத்தது. தோளில் மூட்டை. ஒரு நொடி நின்றான். நானும் அவனுக்குப் பின்னால் நின்றேன். திரும்பிவிடாதேடா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவன் திரும்பவில்லை. பெட்டியைச் சுற்றிக்கொண்டு போனான். உள்ளே போய் மூட்டையை இறக்கியதும் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"இந்தத் தடவை ஏமாறலை பாத்தியா" என்றான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அவரிடமிருந்து அந்தச் சத்தம் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. நாங்கள் சாப்பிட்டோம்.

பொறுக்கிய கிழங்கைக் கூடையில் சுமந்துகொண்டு செல்லம்மா பள்ளத்திலிருந்து ஏறி வந்தாள். மஞ்சுக்குள்ளிருந்து முதலில் கூடை தெரிந்தது, பிறகு ஆள். பெட்டிக்கு முன்னால் நின்றாள். கூடை தலையிலிருந்து விழுந்து கிழங்கு நாலாபக்கமும் உருண்டது. அவள் அவரைத் தொடவில்லை, எங்களைக் கூப்பிடவும் இல்லை. நேராகச் சுவரிடம் போனாள். ஆணியிலிருந்து குல்லாவை எடுத்தாள். அவர் தலையில் மாட்டிக் காது வரைக்கும் இழுத்துவிட்டாள்.

"ஐயா இருக்காரு. இப்பப் பாருங்க" என்றாள்.

பார்த்தோம். குல்லா ஏறியதும்தான் எங்கள் கண்ணுக்கு அவர் தெரிந்தார். இதை எப்படி எழுதினாலும் நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆனால் அப்படித்தான் இருந்தது. ஒரு பக்கம் முழுக்கச் செத்துத் தொங்கியது. எச்சில் சட்டையெல்லாம் ஒழுகி, குளிரில் சில்லிட்டிருந்தது. கண் மட்டும் எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தது.

மூட்டை ஏற்ற வந்திருந்த லாரியிலேயே தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பின்னால் சாக்கு விரித்து அவர் தலையை நான் மடியில் வைத்துக்கொண்டேன். முத்து காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். வளைவுக்கு வளைவு அவர் கண்ணைத் திறந்து என் முகத்தைத் தேடினார். ஒவ்வொரு தடவையும் என் பார்வை தானாக விலகி ஓடியது. இழுத்துப் பிடித்துத்தான் அவரைப் பார்க்க வேண்டியிருந்தது.

ஸ்டோருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்த விதைப்புக்கு எல்லாச் சம்சாரிகளும் அவரவர் கிழங்கை நல்லபடியாக எடுத்துப் போனார்கள். மெஷினும் இல்லை, ஃபோர்மேனும் இல்லை, ஒன்றும் அழுகவில்லை. யாரும் யாரையும் கேட்காமல் மூடிகளைத் திறந்தோம், அடைத்தோம். முதலாளி ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னார். ஃபோர்மேன் கற்றுக்கொடுத்தபடி எல்லாம் நடந்தது. ஃபோர்மேனும் பிழைத்துக்கொண்டார். ஆயக்குடியில் சம்சாரத்தின் தம்பி வீட்டில் இன்னும் சில வருஷம் இருந்தார். பேச்சு மட்டும் கடைசிவரைக்கும் திரும்பவில்லை.

ஆனால் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்பது அந்த ஆஸ்பத்திரிச் சாயங்காலம்தான். அவரைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, காலையிலேயே கொண்டுவந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். செல்லம்மா கால்மாட்டில் நின்றாள். நாங்கள் சுவரோரமாக நின்றோம். யாரோ போய்ச் சொல்லி, அவருடைய சம்சாரம் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். வந்தவர் கட்டிலில் விழுந்து அழுதார்.

பிள்ளை அழவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றது. அதன் பார்வை அவரைத் தாண்டி ஜன்னலில் இருந்தது. அவர் நல்ல கையைத் தூக்கி அதன் பக்கம் நீட்டினார். தொண்டையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. பிள்ளை திரும்பவில்லை. இன்னொரு தடவை வந்தது. அப்போது அது தன் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தது. ரகசியம் கேட்பதுபோலக் கேட்டது.

"அம்மா, அப்பாகிட்டப் பேசலாமா?"

அந்த அம்மா சரியென்று தலையை மட்டும் ஆட்டினார்.

பிள்ளை மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தது. உடனே பேசவில்லை. கடைசியாக எதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பேச்சை விட்டோம் என்று யோசித்துக்கொண்டு நின்றது.